அனுமதியின்றி உயர்ந்த வீடு

வீட்டைச் சுற்றிப் போட்டிருந்த கான்கிரீட் தளம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஓர் எலுமிச்சம்பழம். சந்தையிலிருந்து வந்த கண்டக்டர் பையை வாசலில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றும்போது அது நழுவி விழுந்தது. நியாயமாக அது கேட்டை நோக்கி உருண்டிருக்க வேண்டும். மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடட்டும் என்றுதான் தளத்துக்கு வாட்டம் வைத்திருந்தார்கள். பழம் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. வீட்டுச் சுவரை நோக்கி உருண்டு, சுவருக்கும் தளத்துக்கும் நடுவே விழுந்திருந்த இடுக்கில் புகுந்துகொண்டது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். உள்ளே இருட்டாக இருந்தது. அவர் நெடுநேரம் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வேலை பார்த்த காலத்தில் "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்திக் கத்தி, தன் ஆயுளுக்கான பேச்சை முழுக்க அவர் தீர்த்துவிட்டார் என்பது மனைவியின் கணிப்பு. ஓய்வுபெற்ற பிறகு அவர் பேசியதெல்லாம் 'ம்' மட்டும்தான். அதனால் வீட்டில் குறை ஒன்றும் வரவில்லை. இருவருக்கும் சேர்த்து அவள் பேசினாள். சாயங்காலமானால் கேட்டருகே போய் நிற்பாள். எதிர்வீட்டுக்காரி தெருவைக் கடந்து வந்துவிடுவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமுமாக, அந்த வட்டாரத்தில் நடந்ததையும் நடக்கவிருப்பதையும் பேசித் தீர்ப்பார்கள். பிறகு இவள் உள்ளே வந்து, கேட்டதைக் கூட்டியும் பெருக்கியும் கண்டக்டருக்குப் பரிமாறுவாள்.

அந்த வருடத்து மழை முடிந்தபோது வாசற்படிக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம் விழுந்திருந்தது. கிட்டத்தட்டப் பஸ் படி உயரம். வழக்கம்போல் காலை வைத்த மனைவிக்கு, தரை இருக்கவேண்டிய இடத்தில் தரை இல்லை. இடுப்பெலும்பில் கீறல் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நாலுகால் வாக்கர் ஒன்றும் கூடவே வந்தது. இரண்டு பேர் அவளைத் தூக்கி, லாரியில் பீரோ ஏற்றுவதுபோல வாசலுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். சமமான தரையில் நடக்கலாம், படி ஏறவோ இறங்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கண்டக்டர் செங்கல்லை அடுக்கிப் பார்த்தார். சரிந்த தளத்தில் செங்கல் ஆடியது. பலகை போட்டுப் பார்த்தார். பலகை அவரையே வழுக்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்து பேசலாம் என்றால், அவள் மூட்டுவலிக்காரி, பஸ் ஏறுவதையே விட்டவள், சரிந்த தளத்தில் கால் வைக்கவும் பயந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று "எப்படிக்கா இருக்கு?" என்று கத்துவாள். "இருக்கேன்டி" என்று இவள் வாசலிலிருந்து கத்துவாள். கத்திச் சொல்லக்கூடிய செய்தி உலகத்தில் அவ்வளவுதான். மற்றதெல்லாம் காதோடு சொல்ல வேண்டியவை.

வரத்து நின்றதும் வீட்டுக்குள் பேச்சு வற்றியது. காலையில் "காப்பி ஆறிடப்போகுது" என்பாள். ராத்திரி "விளக்கை அணைங்க" என்பாள். கண்டக்டருக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் தன் மௌனம் இத்தனை காலமும் அவளுடைய பேச்சின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. சாய்மானம் போனபின் அது என்னவோபோல் இருந்தது. இரண்டு பேர் பேசாமல் இருக்கும் வீட்டில் சுவர்க்கடிகாரம் ரொம்பத்தான் அதிகாரம் செய்கிறது.

அவர் கொத்தனாரை அழைத்துவந்தார்.

கொத்தனாருக்குப் பாறை என்று பெயர். தான் கட்டிய எதைப் பற்றிக் கேட்டாலும் "பாறை மாதிரி நிக்கும்" என்பார். அவர் தளத்தைச் சுற்றி வந்தார், கம்பியால் தட்டினார், இடுக்கில் கையை விட்டுப் பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"ஐயோ ஐயோ. எந்தப் பாவி போட்ட தளம் அண்ணே இது? மண்ணைக் கொட்டினவன் திமிசுக் கட்டையால நாலு குத்துக் குத்தி இறுக்க வேணாம்? பஞ்சு மெத்தை மாதிரி விட்டுட்டு அது மேலயே ஜல்லியப் பரப்பியிருக்கான். மாடித் தண்ணிக் குழாயை வேற நேரா இந்த மூலையில கொண்டாந்து விட்டிருக்கான். விழற தண்ணியெல்லாம் இடுக்கு வழியா இறங்கி, அடி மண்ணை அரிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. உள்ள வெறும் பொந்து. கேளுங்க." தட்டிக் காட்டினார். தளம் காலிக் குடம்போல ஒலித்தது.

"நீங்கதான் போட்டீங்க," என்றாள் மனைவி, வாசலில் வாக்கரைப் பிடித்தபடி.

பாறை கம்பியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"அப்ப மண்ணு சரியில்லக்கா. இந்தப் பக்கத்து மண்ணே அப்படித்தான்."

"சரி பண்ண முடியுமா?" என்றாள் மனைவி.

"இதென்ன பெரிய காரியம்? முதல்ல குழாயைத் திருப்பித் தெருக் கால்வாய்க்கு விடணும். அப்புறம் தளத்துல அங்கங்க ஓட்டை போட்டு, சிமெண்ட் பாலை அழுத்தி உள்ள விட்டா, பொந்து ரொம்பித் தளம் தன்னால மேல வந்துடும். வரலைன்னா உடைச்சுட்டுப் புதுசாப் போட்டுக்கலாம். ஆனா நான் இப்பக் கை வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"வாரியம் இருக்கேக்கா. போன வருஷம் ஒரு வீட்டு விரிசல்ல ஒரு கை கலவை பூசினேன். கலவை மிஷினையே தூக்கிட்டுப் போயிட்டாங்க. தளம் இறங்கியிருக்குன்னு அவங்க சொல்லட்டும். சொன்ன மறுநாள் நான் இங்க இருப்பேன். பாறை மாதிரி."

அந்த ஊரில் மட்டப் பராமரிப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. வீட்டுக்கு வெளியே உள்ள எந்தத் தளத்தையும், அது இறங்கியிருப்பதாக வாரியம் ஒப்புக்கொள்ளாதவரை யாரும் தொடக் கூடாது. இறங்காத தளத்தைப் பழுதுபார்த்தால் அது உயர்ந்துவிடும். உயர்ந்தால் ஊரின் மட்டம் கெடும். மட்டம் கெட்டால் என்ன ஆகும் என்று விதிகளில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலிருந்தே அது மிக மோசமானது என்பதை மக்கள் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வாரிய அலுவலகத்துக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். கண்டக்டர் தயங்கி நின்றதைக் கண்ட காவலாளி, "பார்த்து வாங்க. முன்னாடி இதெல்லாம் ஏறுற படி. இப்ப இறங்குற படியா ஆயிடுச்சு, வர்றவங்களுக்கு மூச்சு வாங்குறதில்ல," என்று பெருமையாகச் சொன்னான். உள்ளே எல்லாக் கதவுகளும் அடியில் செதுக்கப்பட்டிருந்தன. மேசைகளின் ஒரு பக்கக் கால்களுக்குக் கீழே பழைய கோப்புக்கட்டுகளைச் செருகியிருந்தார்கள். பேனாக்களை நூலால் கட்டிப்போட்டிருந்தார்கள். சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய விரிசலின் குறுக்கே 'நிலைத்த மட்டம், நிம்மதியான நகரம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. நிம்மதியில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் இருந்தது.

கூடத்தின் நடுவில் கயிறு கட்டிய ஒரு சதுரம். அதற்குள், தரையில் பதித்த ஒரு பித்தளைக் குமிழ், கண்ணாடி மூடியின் கீழ் பளபளத்தது. ஊரிலுள்ள ஒவ்வொரு தளத்தின் உயரமும் இந்தக் குமிழிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது என்று பக்கத்தில் பலகை இருந்தது. அதைக் கடக்கும் ஊழியர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"என்ன புகார்?" என்றார் எழுத்தர்.

"வீட்டுத் தளம் இறங்கிடுச்சு சார்."

"இறங்கிடுச்சுன்னு நீங்க சொல்லக் கூடாது. இறங்கியிருக்குமோன்னு உங்களுக்கு ஒரு எண்ணம். அவ்வளவுதான். இறங்குச்சா இல்லையான்னு நாங்கதான் சொல்லணும்."

"வீட்டுல அவ விழுந்துட்டா சார். இடுப்புல அடி."

"அதை வச்சுச் சொல்ல முடியாது. நல்ல தரையில விழறவங்க இல்லையா? நானே போன வாரம் இதோ, இங்கதான் விழுந்தேன். அதுக்காக இந்தத் தரையைக் குறை சொல்றேனா?" அவர் நாற்காலி மெல்லச் சுவர்ப் பக்கமாக நகர்ந்தது. காலால் உந்திப் பழைய இடத்துக்கு வந்துகொண்டே, "ஆய்வாளர் வருவார், போங்க," என்றார்.

ஆய்வாளர் வந்தார். தனியாக வரவில்லை, மட்டத்தோடு வந்தார். குமிழின் மேல் அளவுகோலை நிறுத்தி, முக்காலியில் பொருத்திய கருவியால் பார்த்து, அந்த உயரத்தைத் தெருத்தெருவாக முறைப்படி சுமந்து வரவேண்டும். ஒருவர் கோலைப் பிடிக்க, ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் முன்னால் போய் "மட்டம் வருது, ஒதுங்குங்க" என்று அறிவித்தார். நடுவில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே புகுந்துவிட்டதால் ஊர்வலம் ஒருமுறை திரும்பிப் போய்க் குமிழிலிருந்து மறுபடி புறப்பட்டது. அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் வியர்த்திருந்தார்கள். மட்டம் மட்டும் அலுங்காமல் இருந்ததாக ஆய்வாளர் சொன்னார்.

அவர் தளத்தின்மேல் கோலை வைத்துப் பார்த்தார். வாசற்படியில் வைத்துப் பார்த்தார். கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"வாழ்த்துகள் சார். உங்க தளம் ஒரு சாண் உயர்ந்திருக்கு."

கண்டக்டர் தளத்தைப் பார்த்தார். அது பள்ளத்தில் கிடந்தது.

"உயர்ந்திருந்தா எனக்கு ஏன் கால் எட்டல?" என்றாள் மனைவி.

"நல்ல கேள்விம்மா. தளம் ஒரு சாண்தான் உயர்ந்திருக்கு. உங்க வீடு ஒரு முழம் உயர்ந்திருக்கு. முழத்துல சாண் போனா மிச்சம் ஒரு சாண். அதுதான் அந்த இடைவெளி. எவ்வளவு சரியா வந்திருக்கு பாருங்க."

"வீடு எப்படிங்க உயரும்? அதென்ன பிள்ளையா வளர்றதுக்கு?"

"காரணம் சொல்றது எங்க வேலை இல்லம்மா. அளக்கறது மட்டும்தான்." அவர் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அனுமதி வாங்கி உயர்ந்த மாதிரி தெரியல."

அனுமதி வாங்கவில்லைதான். சில நாளில் வாரியத்திலிருந்து ஆள் வந்து அறிவிப்பை வாசித்துவிட்டுப் போனார். உரிமையாளர் தன் வீட்டை ஒரு முழம் இறக்கிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் வாரியமே இறக்கிக் கொடுக்கும்.

அன்று சாயங்காலம் மனைவி கொஞ்சம் பேசினாள். "நாம உயர்ந்துட்டோம்னு ஆபீஸ்காரங்களே சொல்லிட்டாங்க. உங்க அக்கா காதுல விழுந்தா வயிறெரிவா," என்றாள். கண்டக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கேட்டைப் பார்த்தபடி, "அந்த மூணாவது வீட்டுப் பொண்ணுக்கு இடம் அமைஞ்சுதான்னு தெரியல. அமைஞ்சிருந்தா எதிர்வீட்டுக்காரி கத்தியாவது சொல்லியிருப்பா. அமையல போலிருக்கு," என்றாள்.

மறுநாள் காலை கண்டக்டர் வாரியத் தலைவரைப் பார்க்கப் போனார். போகும் வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்துகொண்டே போனார். தலைவரின் அறையில் எல்லாமே சன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தலைவரும் பல வருடப் பழக்கத்தில் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால், அவர் மட்டும் நேராக இருப்பதாகத் தோன்றியது.

"சார்," என்றார் கண்டக்டர். "வீடு ஏறல. குமிழ் இறங்கியிருக்குமோ?"

பக்கத்தில் நின்ற ஆய்வாளர் கண்களை மூடிக்கொண்டார். தலைவர் கோபப்படவில்லை, புரியாத பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவரின் பரிவோடு பேசினார்.

"உட்காருங்க. இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்ல, படிச்சவங்களுக்கே வருது. யோசிச்சுப் பாருங்க. இறங்கறதுன்னா என்ன? குமிழுக்குக் கீழ போறது. குமிழ் எப்படிங்க குமிழுக்குக் கீழ போகும்? வருஷா வருஷம் நாங்க அதையும் விடாம அளக்கறோம். குமிழ் மேல கோலை வச்சு, குமிழ்லேருந்தே அளக்கறோம். ஒரு நூல் வித்தியாசம் வந்ததில்ல. இதுவரைக்கும் ஒரு தடவைகூட வந்ததில்ல."

"இந்தக் கட்டிடம் இருக்கற இடம் முன்னாடி தண்ணிக் குட்டைன்னு சொல்றாங்க சார். வாசல்ல படி இறங்க வேண்டியிருக்கு..."

"தெரு உயர்ந்துடுச்சு." தலைவரின் குரலில் உணர்ச்சி ஏறியது. "தெரு மட்டுமா? நான் பொறுப்புக்கு வந்தப்புறம் இந்த ஊரே உயர்ந்திருக்கு. எல்லா அளவும் கையில இருக்கு. முந்தின தலைவர் காலத்துல ஊர் அப்படியே கிடந்துச்சு. என் காலத்துல ஒரு வீடு விடாம மேல வந்திருக்கு. ஜனங்க அதுக்கு நன்றி சொல்ல வேணாம், படி உயரமா இருக்குன்னு புகார் சொல்லாம இருந்தாப் போதும்."

"என் வீட்டை எப்படி சார் இறக்கறது?"

"அதுக்கு ஆள் இருக்காங்க. அஸ்திவாரத்தோரமா ஒரு குழாயைத் திறந்து விட்டுடணும். சும்மா ஒழுகிட்டே இருக்கணும். மண்ணு கரைஞ்சு கட்டிடம் பூப்போல இறங்கிடும்."

"இறங்கும்னு உறுதியாத் தெரியுமா சார்?"

"நம்ம அனுபவத்துல பார்த்தது," என்றார் தலைவர். அவருக்குப் பின்னால் எங்கோ சுவருக்குள் தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வாரியத்துக்குள் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று அனுமதியின்றி உயர்ந்த வீடுகளுக்குத் தண்டனை கொடுப்பது. இன்னொன்று நன்றாக உயர்ந்த வீடுகளுக்குப் பரிசு கொடுப்பது. இரண்டும் எதிரெதிர் அறைகள் என்றாலும் கதவுகள் இறுகிப்போனதால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை. அந்த வருடம் ஊரிலேயே அதிகம் உயர்ந்த வீடு கண்டக்டருடையது என்று பரிசுப் பிரிவு தேர்ந்தெடுத்தது. கேடயத்தைத் தலைவரே நேரில் வந்து, உயர்ந்த தளத்தின்மேல் நின்று வழங்குவார். அதே நாளில், வீட்டை இறக்குவதற்கான குழாயோடு தண்டனைப் பிரிவும் வரும் என்று தகவல் வந்தது.

"கேடயம் கொடுத்துட்டுக் குழாயைத் திறப்பாங்களா, திறந்துட்டுக் கொடுப்பாங்களா?" என்றாள் மனைவி.

கண்டக்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. தளம் போனதில் அவளுக்குக் கேட் போயிற்று. வீடு இறங்கினால் வாசல் விரியும், சுவர் பிளக்கும், நிற்பதற்குக்கூட இடமிருக்காது. அவர் ராஜாவாக அதிகாரம் செய்த பஸ் படிக்கட்டில், எத்தனையோ பேரை ஒற்றைச் சொல்லால் ஏற்றியும் இறக்கியும் விட்டிருக்கிறார். ஒருத்தியை ஒரு சாண் இறக்க இப்போது வழியில்லை.

விழா நாளுக்கு முந்தின வாரம் முழுக்க மழை கொட்டியது. மாடிக் குழாய் அந்த மூலையிலேயே ஊற்றியது. அன்று காலை வானம் வெளுத்ததும், ஒலிபெருக்கி, நாற்காலிகள், புகைப்படக்காரர், இரண்டு பிரிவின் அதிகாரிகள் என்று எல்லாமும் எல்லோரும் தளத்தின்மேல் வந்து நிறைந்தார்கள். எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா கீழ வந்து வாங்கிக்கணும்," என்றார் பரிசுப் பிரிவு அதிகாரி.

"கீழயா? அது உயர்ந்த தளம்னு சொன்னாங்களே," என்றாள் மனைவி. "நீங்க மேல வந்து குடுங்க. எனக்குப் படி கூடாது."

தலைவர் வாசலைப் பார்த்தார். வாசல் அவருக்கும் உயரமாகத்தான் இருந்தது. கேடயத்தை இங்கிருந்தே நீட்டினால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, சுவரோர மூலைக்கு நகர்ந்தார்.

கண்டக்டருக்குள்ளிருந்து பழைய குரல் எழும்பியது. "சார்! அங்க நிக்காதீங்க! முன்னால வாங்க, கேட் பக்கம் வாங்க! அடியில பொந்து!"

பாதிப் பேர் தங்களையறியாமல் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். தலைவர் நகரவில்லை.

"உயர்ந்த தளத்துக்கு அடியில பொந்து இருக்காது. உயர்ந்ததுக்கு அடியில என்ன இருக்கும்? இன்னும் கொஞ்சம் உயரம்தான் இருக்கும்," என்றார். கூட்டம் கைதட்டியது. அதில் உற்சாகமடைந்து ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "நண்பர்களே, சில பேர் கேக்கறாங்க, வாரியம் என்ன செஞ்சுதுன்னு. நான் சொல்றேன். வாரியம் ஒண்ணுமே செய்யல. ஒண்ணுமே செய்யாம இவ்வளவு உயர்த்தியிருக்கோம்னா, ஏதாவது செஞ்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க! எங்க காலடியில இருக்கற இந்தத் தளமே சாட்சி—"

சாட்சி உடைந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. அப்பளம் நொறுங்குவதுபோல ஓர் ஓசை, அவ்வளவுதான். தலைவர் தொடை வரை உள்ளே போனார். கேடயம் அவருக்கு முன்னதாகப் போய்விட்டது.

பிறகு ஆய்வாளர், கை பழகிய பழக்கத்தில், கோலைத் தலைவரின் தோளருகே நிறுத்தி, கருவியில் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க சார். கணக்குப்படி நீங்க இன்னும் குமிழுக்கு மேலதான் இருக்கீங்க. இறங்கல."

"யோவ், தூக்குங்கய்யா!"

"தூக்கலாம் சார். ஆனா இறங்காத ஒண்ணை உயர்த்தணும்னா அனுமதி வேணும்."

"நான்தான்யா அனுமதி!"

"எழுத்துல இருந்தா நல்லது," என்றார் தண்டனைப் பிரிவு அதிகாரி. அவர் அதை மனதாரத்தான் சொன்னார். விதிகளை அந்தப் பிரிவுக்காகத் தலைவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

தலைவர் கைகளை ஆட்டினார். ஆட்ட ஆட்ட விளிம்பு நொறுங்கியது. ஒவ்வொரு பிரிவும் மற்றப் பிரிவின் முகத்தைப் பார்த்தது. அப்போது வாசலிலிருந்து ஒரு வாக்கர் கீழே நீண்டது. மனைவி ஒரு கையால் நிலைக்கதவைப் பற்றிக்கொண்டு மறுகையால் அதை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இதைப் பிடிச்சுக்கோங்க சார். எனக்கு இப்ப வேண்டாம். நான் எங்க போகப்போறேன்."

நாலு காலையும் நல்ல இடத்தில் ஊன்றி, கண்டக்டரும் புகைப்படக்காரரும் ஆளுக்கொரு கை கொடுக்க, தலைவர் வெளியே வந்தார். கால்சட்டையில் தொடை வரை சேறு. அவர் யாரையும் பார்க்காமல் வாசலைப் பார்த்து, "அம்மா, நீங்க இப்படித்தான் விழுந்தீங்களா?" என்றார். ஒரு கணம் அது மனிதன் கேட்ட கேள்வியாகவே இருந்தது. பிறகு உதவியாளர் வந்து அவர் தோளிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார். அந்தக் கணமும் அதோடு உதிர்ந்து போயிற்று.

வாரியம் கூடி விவாதித்தது. தலைவர் விழுந்தார் என்று பதிவு செய்ய வழியில்லை, ஏனென்றால் அவர் இறங்கவில்லை. தளத்தைத் தன் எடையால் கௌரவித்தார் என்று முடிவானது. மற்றதைச் சொல்ல ஆய்வாளரே வீட்டுக்கு வந்தார்.

"உங்க கேஸ் முடிஞ்சது சார். தளமே இல்லன்னு ஆயிடுச்சு. இல்லாத தளம் இறங்கவும் முடியாது, உயரவும் முடியாது."

"வீடு உயர்ந்ததுக்குத் தண்டனை?"

"குமிழ் மட்டத்தை முதல்ல தளத்துக்குக் கொண்டுவந்து, அங்கேருந்துதான் வீட்டை அளந்தோம். தளம் இல்லாம உங்க வீடு எவ்வளவு உயரம்னு யாரு சொல்ல முடியும்? விட்டுடலாம்னுட்டாங்க."

சேதி கேட்டு வந்து பின்னால் நின்ற பாறை தலையைச் சொறிந்தார். "சார், அப்ப இந்தப் பள்ளத்தை மூடறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கணும்?"

"பள்ளம் எங்களுக்கு வராது. பள்ளத்துக்குத் தனி வாரியம்."

"அப்படி ஒண்ணு இருக்குதா?"

ஆய்வாளர் தெருவின் இரு புறமும் பார்த்துக்கொண்டார். "அடுத்த மாசம் ஆரம்பிக்கறாங்க. அதுக்குள்ள போட்டுடுங்க."

பாறை மறுநாளே வேலையைத் தொடங்கினார். இந்த முறை அவருக்கு ஆய்வாளராக வாசலில் நாற்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். பழைய தளத்தை முழுக்க உடைத்து எடுத்தார்கள். மாடிக் குழாயைச் சுவரோடு வளைத்துத் தெருக் கால்வாய்க்குக் கொண்டுபோனார்கள். மண்ணைக் கொஞ்சமாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் குத்தி, அது இறுகியபின் அடுத்த அடுக்கைக் கொட்டினார்கள். பொந்தின் அடியில் கிடந்த கேடயத்தை எடுக்கட்டுமா என்று பாறை கேட்டார்.

"நல்ல கனம். அங்கயே கிடக்கட்டும்," என்றாள் மனைவி. "அதுக்கு மேலயும் குத்துங்க. அந்த மூலையில குத்தின சத்தம் எனக்குக் கேக்கல."

"குத்திட்டேன்கா."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

பாறை திரும்பிப் போய் மறுபடி குத்தினார். தளம் வாசற்படிக்கு நிகராக எழும்பி, கேட்டை நோக்கி லேசான வாட்டத்தோடு முடிந்தது. ஈரச் சாக்குப் போட்டு, காயக் காயத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். சாக்கை எடுத்த நாளில் கண்டக்டர் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் கவிழ்த்தார். அது எங்கும் தேங்காமல் நேராகத் தெருவுக்குப் போய்விட்டது.

"எப்படி அண்ணே?" என்றார் பாறை. வழக்கமான வார்த்தை வாய்வரை வந்ததும், வாசல் பக்கம் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி வாக்கரைத் தூக்கி வெளியே வைத்தாள். காலை வைத்தாள். கால் வைத்த இடத்தில் தரை இருந்தது. கண்டக்டர் பின்னாலேயே கையை நீட்டியபடி நடந்தார். "விடுங்க, கூட வராதீங்க," என்றாள். அவர் நின்றுவிட்டார். அவள் மெதுவாகக் கேட்டருகே போய்க் கம்பியைப் பிடித்ததும், எதிர்வீட்டுக்காரி மூட்டுவலியோடு ஏறக்குறைய ஓடியே வந்தாள்.

கண்டக்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். விளக்கைப் போடவில்லை. கடிகாரம் ஓடுகிறதா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அதன் சத்தம் கேட்கவில்லை. கேட்டிலிருந்து குரல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. முதலில் கிசுகிசுப்பு, பிறகு மூணாவது வீட்டுப் பெண்ணைப் பற்றி ஏதோ, பிறகு ஒரு பெரிய சிரிப்பு.

"...நீ தூரத்துலேருந்து பார்த்ததுதானே. கிட்டத்துல நான் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் போயிட்டாருடி!"

தொடை வரைக்கும்தான் என்று கண்டக்டருக்கு நன்றாக நினைவிருந்தது. கூடவே நின்றவர் அவர், கைகொடுத்துத் தூக்கியவரும் அவர்தான். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நாற்காலி சௌகரியமாக இருந்தது.

கேட்டருகே ஓடிய கதையில் இப்போது தலைவரின் உச்சந்தலை மட்டும்தான் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.